வாயைத் திறக்காமல் நான் கெடுக்கப் பார்த்த கல்யாணம்

நூலின் ஒரு முனை என் பல்லில் இருந்தது. மீதி நூல் இரண்டு கைகளிலும். சேரில் சாய்ந்திருந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, புருவத்தை விரலால் இழுத்துப் பிடித்தபடி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"எதிர் வீட்ல ஒரு பொண்ணு இருக்குதாமே. லேப்ல வேலை செய்யுதாமே. எப்படிங்க அது?"

எனக்குப் புரிந்துவிட்டது. போளூரிலிருந்து பஸ் ஏறி வந்து, வேங்கிக்காலில் இறங்கி, வழியில் இருக்கிற இரண்டு பார்லரையும் தாண்டி, சந்துக்குள் என் வீட்டு முன்னறையில் இருக்கிற பார்லரைத் தேடி ஒருத்தி வந்து உட்கார்ந்தால், அவள் புருவத்துக்காக வரவில்லை. அவள் அந்தப் பெண்ணுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் அத்தை. இதற்குத் துப்பறியும் மூளை எல்லாம் வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் விசாரிக்க வருவார்கள். மளிகைக் கடையில் கேட்பார்கள், இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்பார்கள், கடைசியில் எதிர் வீட்டில் கேட்பார்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருந்து எதிர் வீட்டுக்காரி உதட்டைப் பிதுக்கினால் போதும், போச்சு.

எதிர் வீட்டைப் பற்றி என்னிடம் கேட்டால் என்ன கிடைக்கும் தெரியுமா? உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, ஆதி முதல் சொல்லுவேன். அவ்வளவு சரக்கு இருந்தது என்னிடம். நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றது.

ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம், லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதம்.

ஆயர் என் வரிசையைப் பார்த்தார்

எங்கள் சபைக்குப் புதிதாக வந்த ஆயர் என் மகனைவிடச் சின்னவர். மீசைகூடச் சரியாக வளரவில்லை. லெந்து தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு பிரசங்கத்தில் அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எல்லாரும் கறி சாப்பிடறதை நிறுத்தறீங்க. சந்தோஷம். ஆனா ஆட்டை விட்டுட்டு மனுஷனைக் கடிச்சித் தின்னா அது என்ன விரதம்? இந்த வருஷம் கறி வேணும்னா சாப்பிடுங்க. யாரைப் பத்தியும் குறை பேசாம மட்டும் இருந்து காட்டுங்க, பாப்போம்."

சொல்லிவிட்டு நேராக நான் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தார். அங்கே ஃபேன் இருக்கிறது, அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் தேவதாஸ் இருமினார் பாருங்கள், அந்த இருமலுக்கு இருமல் மருந்து கிடையாது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யார் தீர்மானம் எடுக்கிறீங்க?" என்று ஆயர் கேட்டதும் முதல் கை என்னுடையது. பக்தி ஒன்றும் இல்லை, வீம்புதான். ஆண்டவர் வீம்பையும் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்றுதான் நம்புகிறேன், இல்லாவிட்டால் எங்கள் சபையில் பாதிப் பேர் தேற மாட்டார்கள்.

ஜெபக் குறிப்பு என்கிற வசதி

வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கிறிஸ்தவர்களாகிய நாங்கள் வம்பு பேச மாட்டோம். ஜெபக் குறிப்பு கொடுப்போம்.

புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து நிற்பாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். குரல் இறங்கும்.

"ஒரு குடும்பத்துக்காக பாரமா ஜெபிச்சிக்கணும். பேர் சொல்ல விரும்பல. தண்ணி டேங்க் பக்கத்துல புதுசா பச்சைக் கலர் வீடு கட்டியிருக்காங்க. மருமக கோச்சிக்கினு ஆரணிக்குப் போயி ரெண்டு மாசமாவுது. மாமியார் வாயினாலனு கேள்வி. சமாதானத்துக்காக ஜெபிங்க."

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் பச்சை வீடு யாருடையது, மருமகள் போனபோது எந்த நகையை எடுத்துக்கொண்டு போனாள் என்பதுவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆண்டவருக்கே புதுசாக இருக்கக்கூடிய விவரமெல்லாம் அதில் வரும்.

இந்த வசதியையும் நான் விட்டுவிட்டேன். அந்தப் புதன்கிழமை குறிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டபோது, "மழைக்காக ஜெபிங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். உடம்பு சரியில்லையா என்று ஒருத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டிலும் கேலிதான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் 'மௌனம்' என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு காய்கறி வாங்குவார்கள், பார்த்திருப்பீர்கள். "உனக்கும் ஒண்ணு வாங்கியாரட்டா சாந்தா?" என்றார் தேவதாஸ். கலெக்டர் ஆபீஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து அதிகாரிகளுக்கு வண்டி ஓட்டி ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை வெளியே சொல்லாதவர். அவரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சலிப்பு என்று எனக்குத்தான் தெரியும்.

எதிர் வீட்டுக் கஸ்தூரி

இப்போது எதிர் வீட்டுக்கு வருகிறேன்.

கஸ்தூரிக்கும் எனக்கும் ஒரே வயது. மனைகள் விற்ற காலத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாங்கி, ஒரே கொத்தனாரிடம் ஏமாந்து வீடு கட்டினோம். அவள் கணவருக்குத் தானிப்பாடி பக்கம் நிலம் இருக்கிறது, பாதி நாள் அங்கேதான். ஒரே பெண், நிவேதா. ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற ஒரு லேபில் வேலை.

போன வருஷம் சண்டை வந்தது ஒரு ஃபேஷியலால். நிவேதாவுக்கு நான் ஃபேஷியல் பண்ணிவிட்டு, "இன்னிக்கு வெயில்ல மட்டும் போகாதடி கண்ணு" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அன்று பௌர்ணமி. ராத்திரி கூட்டம் தாங்காது என்று அந்தப் பெண் மத்தியானமே கிரிவலம் கிளம்பிவிட்டது. பங்குனி வெயிலில் மலையைச் சுற்றி வந்தால் முகம் என்ன ஆகும்? மறுநாள் தக்காளி மாதிரி சிவந்து வீங்கிவிட்டது.

கஸ்தூரி தெருவில் நின்று கத்தினாள். "எம்பொண்ணு மூஞ்சியை வேக வெச்சிட்டா!" பால் பூத், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் எல்லா இடத்திலும் சொன்னாள். என் பார்லரில் ஒரு மாசம் ஈ ஓட்டினேன். நானும் சும்மா இருந்தேனா? அவள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சேரில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருத்திக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இப்போது மறுபடி அந்த சேருக்கு வாருங்கள். போளூர் அத்தை கேட்கிறாள். என் பல்லில் நூல். நூலை எடுத்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன்.

"எதிர்லயே இருக்கிறீங்களே?"

"நான் யாரைப் பத்தியும் பேசறதில்லைங்க இப்ப."

"அம்மா எப்படி? குடும்பம் எப்படி?"

"வேணாங்க. விட்டுடுங்க."

உள்ளே என்ன கொதி கொதித்தது தெரியுமா! ஆனாலும் மூடியைத் திறக்கவில்லை. அத்தை கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. புருவம் முடிந்ததும் எழுந்து போய்விட்டாள்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சியே சொன்னேன். என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசிய ஒருத்தியைப் பற்றி என்னிடமே விசாரிக்க வந்தார்கள், ஆண்டவர் என் நாவைக் காத்தார் என்று. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் நாலு பேர் வந்து, யார் வீடு, என்ன சம்பந்தம் என்று ரகசியமாகக் கேட்டார்கள்.

நிவேதா தெருவைத் தாண்டி வந்தாள்

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நிவேதா லேப் கோட்டோடு நேராக உள்ளே வந்தாள். முகம் சரியில்லை.

"ஆன்ட்டி, போளூர்லருந்து வந்தவங்ககிட்ட என்னைப் பத்தி இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலடி. சத்தியமா. ஒரு வார்த்தை சொல்லல."

"அதான் ஆன்ட்டி பிரச்சனை!"

பொத்தென்று சேரில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் சொன்னது இதுதான். மாப்பிள்ளை ஆரணியில் கணக்கு வாத்தியார். இரண்டு பேரும் போனில் பேசிப் பழகி, பிடித்துப் போய், நாள் குறிக்க வேண்டிய நேரம். தெருவில் எல்லாரும் தங்கமான பெண் என்றிருக்கிறார்கள். எதிர் வீட்டம்மா மட்டும் வாயே திறக்கவில்லை என்று அத்தை போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் அத்தை வார்த்தைதான் எல்லாம்.

"'வேணாங்க, விட்டுடுங்க'னு சொன்னீங்களாம். அப்படின்னா இன்னா அர்த்தம் ஆன்ட்டி? ஏதோ பெரிய விஷயம் இருக்குது, சொல்லக் கூசறாங்கனு நினைச்சிட்டாங்க. எனக்கு வேற எங்கயோ தொடர்பு இருக்கும்னு பேசிக்கிறாங்களாம். அவரே போன்ல சொன்னாரு."

"ஐயோ கடவுளே!"

"அம்மாவை நல்லா நாலு திட்டு திட்டியிருக்கலாம் இல்ல? எதிர் வீட்டுச் சண்டைனு சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க. வழக்கமா திட்டறவங்கதானே நீங்க? என் விஷயத்துலதானா உங்களுக்கு பக்தி வரணும்?"

செங்கம் ரோட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஞானி என்று கும்பிடுகிறார்கள். வேங்கிக்காலில் மூடினால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போகிறது. இதை எந்தப் பிரசங்கத்திலும் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

"அம்மாக்கு இன்னும் தெரியாது," என்றாள் நிவேதா. "தெரிஞ்சா உங்க வீட்டுக் கண்ணாடி ஒண்ணு மிஞ்சாது."

அவள் போனதும் ஆயருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கெட்டது பேசாம இருந்தா பாதிதாம்மா. நல்லது இருந்தா அதை வாய் திறந்து சொல்றதும் அந்த விரதத்துல சேத்தி," என்றார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லீங்களா?"

"அன்னிக்கு நேரம் ஆயிடுச்சும்மா. நீங்க எல்லாரும் வாட்சைப் பார்த்தீங்க."

உரக்கடை

மறுநாள் தேவதாஸ் வண்டியை எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை, ஹெல்மெட்டை மட்டும் நீட்டினார். போளூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அத்தை வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார் என்று நிவேதா சொல்லியிருந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் அத்தை கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

நான் ஆரம்பித்தேன். தங்கமான பெண், குணமான பெண், ஒழுக்கமான பெண். வீட்டுக்கு வந்த மகாலட்சுமியாக இருப்பாள் என்றேன். பின்னால் தேவதாஸ் இருமினார். சபையில் கேட்ட அதே இருமல்.

அத்தை கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "அன்னிக்கு ஒரு வார்த்தை வரல உங்க வாயில. இன்னிக்கு வண்டி கட்டிக்கினு இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க. யாரு அனுப்பிச்சாங்க உங்களை?"

அப்போதுதான் விளங்கியது. பேசாவிட்டாலும் தப்பு, பேசினாலும் தப்பு. நிவேதா அழுத முகம் கண்ணில் வந்து நின்றது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"யாரும் அனுப்பல! அந்தப் பொண்ணோட அம்மாவும் நானும் எதிரெதிர் வீட்ல இருந்துக்கினு முகம் பார்க்கறதில்ல. எங்க வேதத்துல யாரையும் குறை பேசக்கூடாதுனு இருக்குது, இப்ப எங்களுக்கு விரத நாளு, அதனால வாயை மூடிக்கினு இருந்தேன். வேற ஒண்ணும் இல்லம்மா. சண்டை எங்களுக்குள்ளதான். அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சு தெரியுமா?"

சொன்னேன். முகம் வீங்கிய மறுநாள் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பின்பக்கமாக என் வீட்டுக்கு வந்தது அந்தப் பெண். "நீங்க வெயில்ல போகாதனு சொன்னீங்க ஆன்ட்டி, நான்தான் கேக்கல. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அவங்க நம்பல. மனசுல வெச்சிக்காதீங்க" என்றது. என் கடைக்கு யாருமே வராத அந்த மாசத்தில், தெரு பார்க்க, முன்வாசல் வழியாக வந்து புருவம் எடுத்துக்கொண்டு போனது அது ஒன்றுதான். அம்மாவிடம் அதற்கும் திட்டு வாங்கியிருக்கும்.

அத்தையின் முகம் இளகியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மாக்காரிக்கு வாய் ஜாஸ்தியோ?" என்றாள்.

சாமி, என்ன ஒரு வாய்ப்பு! அழைப்பு வைத்துக் கூப்பிடுகிறாள். ஒரு தலையாட்டல் போதும். கஸ்தூரி காலத்துக்கும் அந்த வீட்டில் வாயாடிச் சம்பந்தியாக இருப்பாள். நானும் பொய் சொன்னவளாக ஆக மாட்டேன்.

ஆனால் ஆயர் சொன்ன மீதிப் பாதி என்னைப் பிடித்துக்கொண்டது. கஸ்தூரியைப் பற்றி நல்லதாக ஒன்று. நிஜமாக நடந்த ஒன்று. தேடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் ஒன்றுமே கிடைக்கவில்லை. யூரியா மூட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வந்தது.

கொரோனா வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் காய்ச்சல். சபையிலிருந்து எல்லாரும் போன் பண்ணி ஜெபித்தார்கள், கிட்டே வர ஒருத்தருக்கும் பயம். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. கஸ்தூரி மட்டும் தினமும் ஒரு தூக்கில் மிளகு ரசமும் குழைந்த சாதமும் கொண்டுவந்து, தகரத்துக்கு மேலே கயிறு கட்டி இறக்கினாள். அதுவும் சும்மா இறக்க மாட்டாள். "ஊரெல்லாம் சுத்தி வாங்கிக்கினு வந்தல்ல, குடி!" என்று தெருவே கேட்கத் திட்டிக்கொண்டே இறக்குவாள். தேவதாஸுக்கு மூச்சு வாங்கிய அன்று ஆம்புலன்ஸ் வருகிறவரை நடுரோட்டிலேயே நின்றாள். அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை.

"அவளுக்கு வாய் இருக்குதும்மா," என்றேன். "ஆனா நாளைக்கு உங்க வீட்ல ஒரு கஷ்டம் வந்தா, மத்தவங்க போன் பண்ணுவாங்க. அவ வந்து நிப்பா."

இந்த ரசத்தை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஃபேஷியல் கதையை ஊரே மனப்பாடம் பண்ணும் அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் தேவதாஸ் கடைக்கு வெளியே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி வந்தாள்

ஈஸ்டர் முடிந்து சில நாட்களில் நிச்சயதார்த்தம் நடந்தது. எங்களுக்கு அழைப்பு இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையில் கஸ்தூரி தாம்பூலப் பையோடு என் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

"போளூர்ல போயி இன்னாடி சொல்லிட்டு வந்த என்னைப் பத்தி?"

"தப்பா ஒண்ணும் சொல்லலியே!"

"அதான்டி! நேத்து அந்தம்மா எல்லார் எதிர்லயும் என் கையைப் புடிச்சிக்கினு, ரசம் குடுத்த மகராசின்றா. மாப்பிள்ளை பையன் கால்ல வுழறான். சம்பந்தியம்மா கண்ணைத் தொடைக்கிறா. இனிமே ஆயுசுக்கும் நான் அதே மாதிரி நல்லவளாவே இருந்து தொலையணும். சாப்பாட்ல உப்பு கம்மினு ஒரு சண்டை போட முடியுமா? உனக்கின்னா, சொல்லிட்டு வண்டி ஏறி வந்துட்ட. நீ திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

கத்திக்கொண்டேதான் இருந்தாள், கண்ணில் தண்ணீர் ஊற்றியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. தெரு முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. மறுபடி சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

பையை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பியவள், பாதி ரோட்டில் நின்றாள்.

"உன்னைப் பத்தியும் கேட்டாங்க. அந்த எதிர் வீட்டம்மா எப்படினு."

"நீ இன்னா சொன்ன?"

"நல்லதா ஒண்ணு சொன்னேன்."

"இன்னாடி சொன்ன?"

"போடி. சொன்னா உனக்குத் திமிரு ஏறிடும்."

இன்றுவரை சொல்லவில்லை. கெஞ்சிப் பார்த்துவிட்டேன், திட்டியும் பார்த்துவிட்டேன். தான் அந்த இடத்தில் இருக்கவில்லை என்கிறாள் நிவேதா. போளூருக்குப் போன் போட்டுக் கேட்கலாம்தான், என்னைப் பற்றி என்ன நல்லது சொன்னாள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

என்னைப் பற்றி இந்தத் தெருவில் யார் என்ன குறை சொன்னாலும் பொழுது சாய்வதற்குள் என் காதுக்கு வந்து சேர்ந்துவிடும். எனக்கென்று ஒருத்தி சொன்ன ஒரு நல்ல வார்த்தை மட்டும் வந்து சேரவில்லை. அது என்னவாக இருக்கும் என்று தினமும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசிக்கிறேன். நான் அவளுக்கு என்ன நல்லது செய்தேன் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.